மூக்கு முடி: பிடுங்குவதா, வெட்டுவதா?

கூடுவாஞ்சேரி இரயில் நிலையத்திலிருந்து பெருஞ்சாலைக்கு வரும் வழியில் எந்த முடிதிருத்தும் நிலையத்தில் நுழைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காட்சியைக் காணலாம். முடிவெட்டி, முகம் மழித்து, பவுடர் பூசி முடித்தபின் கடைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைச் சற்றே நிமிர்த்திப் பார்க்கிறார். பிறகு கேட்கிறார்: "தம்பி, மூக்குல முடி நீட்டிக்கிட்டு இருக்கு. பிடுங்கி விடவா, வெட்டி விடவா?"

"எதுவானாலும் சரி அண்ணே, சீக்கிரம் ஆகட்டும்" என்று பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் "எதுவானாலும் சரி" என்று விட்டுவிடக்கூடிய கேள்வி அன்று அது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ நான்காயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவும், சில உயிரிழப்புகளும் அந்த வரலாற்றில் அடங்கும். அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

சிந்துவெளியின் சிறு கருவி

உரோமத்தைப் பிடுங்குவதற்கு மனிதன் முதலில் பயன்படுத்தியது அவனுடைய விரல் நகங்களாகவே இருந்திருக்க வேண்டும். உலோகம் கைக்கு வந்ததும் நகத்தின் வேலையை அது ஏற்றது. சிந்துவெளி நகரமான அரப்பாவின் அகழாய்வில் செம்பு, வெண்கலக் காலத்தைச் சேர்ந்த ஒரு கருவித் தொகுதி கிடைத்தது. காதுக் குறும்பி எடுக்கும் சிறு கரண்டி, கூரிய ஊசி, மெல்லிய இடுக்கி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரிலும் இதே போன்ற தொகுதிகள் அகப்பட்டுள்ளன.

நம் பாட்டன்மார்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. இடுப்புக் கயிற்றிலோ பணப்பையிலோ குறும்பிவாங்கியும் முள்வாங்கியும் ஒரே வளையத்தில் தொங்குவதை அவர்கள் கண்டிருப்பார்கள். காலில் தைத்த முள்ளை எடுக்கும் அதே முள்வாங்கிதான் மூக்கு முடியையும் பிடுங்கியது. அதற்கு மயிர்வாங்கி என்றும் பெயர் உண்டு. பொற்கொல்லர் கையில் அதன் உறவுக் கருவிக்குச் சாமணம் என்று பெயர். நான்காயிரம் ஆண்டுகளில் உலோகம் மாறியதே தவிர, இரண்டு தகடுகள் சேர்ந்து கவ்வும் அமைப்பு மாறவில்லை.

இடுக்கி மருத்துவர் கைக்கும் போயிற்று. சுசுருத சம்கிதை என்னும் பழைய அறுவை மருத்துவ நூல் கூர்மையற்ற கருவிகள் 101 என்று கணக்கிடுகிறது. அவற்றுள் 'சந்தம்சம்' எனப்படும் இடுக்கிகள் இரண்டு. பின்னர் வந்த வாக்பட்டர் ஆறு விரற்கடை நீளமுள்ள சிறிய இடுக்கி ஒன்றைத் தனியாகக் குறிப்பிடுகிறார். நுண்ணிய முட்களையும், கண்ணை உறுத்தும் இமை மயிரையும் எடுப்பதற்கு அது. மயிர் பிடுங்குதல் ஒப்பனை மட்டுமன்று, சிகிச்சையும் ஆகும் என்ற எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது.

நாவிதரும் மருத்துவரும்

கூடுவாஞ்சேரியிலிருந்து தெற்கே செங்கற்பட்டைக் கடந்து சென்றால் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடல் என்னும் ஊரை அடையலாம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 'வீரசோழன் ஆதுலர்சாலை' என்ற மருத்துவமனையின் நிருவாகத்தை விளக்குகிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து திரட்டிக் காய்ச்சுபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள். இவர்களோடு ஒரு நாவிதருக்கும் ஊதியம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மருத்துவமனையில் நாவிதருக்கு என்ன வேலை என்று இன்றைய மாணவர் கேட்கலாம். அக்காலத்தில் கூரிய கத்தியும் பதறாத கையும் உடையவர் அவரே. கட்டியைக் கீறுதல், புண்ணைக் கழுவிக் கட்டுதல், முள் எடுத்தல் ஆகியவை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீண்ட காலம் நாவிதர்களின் தொழிலோடு சேர்ந்தே இருந்தன. அவர்கள் வீட்டுப் பெண்கள் பேறுகாலம் பார்த்தனர். மருத்துவச்சி என்ற பெயர் அவர்களுக்கு உரியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அச்சமூகத்தினர் இன்றும் தங்களை மருத்துவர் என்றே குறிப்பிடுவதற்கு அடிப்படை இதுதான்.

ஐரோப்பாவிலும் நிலை இவ்வாறே இருந்தது. லண்டனில் 1540இல் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இல்தான் அறுவை மருத்துவர்கள் பிரிந்து சென்றார்கள். சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய பிறகு, அறுவை என்பது படித்துப் பட்டம் பெறும் கலையாயிற்று. கத்தியும் முள்வாங்கியும் நாவிதரின் அடைப்பத்தில் தங்கிவிட்டன. அவற்றைப் பற்றிய மருத்துவ அறிவு வேறு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. மூக்கு முடி என்னும் சிறு விஷயத்தில் பின்னர் ஏற்பட்ட கேடுகளுக்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம் எனலாம்.

பாவமிசிரரின் எச்சரிக்கை

16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் என்ற ஆயுர்வேத அறிஞர் பாவப்பிரகாசம் என்னும் நூலை எழுதினார். நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில், ஐந்து நாளுக்கு ஒருமுறை நகம், தாடி, முடி ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அடுத்து ஒரு தடை விதிக்கிறார்: மூக்கிலுள்ள உரோமத்தை ஒருபோதும் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் கண் பார்வை விரைவில் கெடும்.

குறைக்கலாம், பிடுங்கக் கூடாது என்று இரண்டையும் பிரித்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. ஆனால் மூக்கு முடிக்கும் கண்ணுக்கும் என்ன உறவு? ஒரு முடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடனே கண்ணில் நீர் பெருகும், தும்மலும் வரும். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் கிளைகள் மூக்குக்கும் கண்ணுக்கும் பொதுவாக அமைந்திருப்பதே இதற்குக் காரணம். கண் கலங்குவதைக் கண்டுதான் பாவமிசிரரோ, அவருக்கு முன்னிருந்தவர்களோ பார்வை கெடும் என்று முடிவு செய்திருக்கக்கூடும். முடி பிடுங்கியதால் மட்டுமே யாருக்கும் பார்வை மங்குவதில்லை. அந்த அளவில் அவர் கூறிய காரணம் சரியன்று. எனினும் அவர் விதித்த தடை சரியானது. அதன் உண்மையான காரணம் விளங்க மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின.

முடியில் குடியிருக்கும் கிருமி

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், 1880இல் சீழ்க்கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்தார். திராட்சைக் குலை போலத் திரண்டிருந்த உருண்டைக் கிருமிகளைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882இல் அவற்றுக்கு 'ஸ்டபிலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். இக்கிருமியின் பொன்னிற வகைக்கு மனித உடலில் மிகவும் பிடித்த இருப்பிடம் மூக்கின் வாயில் என்பது பின்னர் தெரிந்தது. நல்ல உடல்நலம் உள்ளவர்களிலேயே பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் மூக்கில் இது குடியிருக்கிறது. தோல் முழுமையாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும்.

1896இல் லண்டனில் செயின்ட்கிளேர் தாம்சன், ஹியூலெட் ஆகிய இருவர் சுவாசக் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எங்கே போகின்றன என்று ஆராய்ந்தனர். மணிக்குக் குறைந்தது 1,500 நுண்ணுயிர்கள் மூக்கில் நுழைகின்றன என்றும், 14,000 வரை நுழைவதும் சாதாரணமே என்றும் மதிப்பிட்டனர். மூக்கின் உட்பகுதி பெரும்பாலும் கிருமியற்றுத் தூய்மையாக இருந்தது. வாயிற்பகுதியிலும் அங்குள்ள உரோமங்களிலும் கிருமிகள் மொய்த்தன. வாயிற்காவலர் மேல்தான் தெருப் புழுதி முழுவதும் படிகிறது!

உட்பகுதி எவ்வாறு தூய்மையாக இருக்கிறது என்பதற்கு ஒரு விடையை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். 1921இல் சளி பிடித்திருந்தபோது தம் மூக்குச் சளியையே எடுத்து ஆய்வுத் தட்டில் இட்டார். சில கிருமிகளைக் கரைக்கும் 'லைசோசைம்' என்ற பொருள் அதில் இருப்பதை அறிந்து 1922இல் வெளியிட்டார். 1928இல் அவர் பெனிசிலினைக் கண்டதும் ஸ்டபிலோகாக்கஸ் வளர்ந்திருந்த தட்டில்தான்.

ஆபத்தான முக்கோணம்

இப்போது பிடுங்கும் செயலுக்கு வருவோம். முடியை வெட்டும்போது தோலுக்கு வெளியே உள்ள உயிரற்ற பகுதி மட்டுமே அறுபடுகிறது. பிடுங்கும்போது முடி வேரோடு வருகிறது. அது இருந்த குழி திறந்த சிறு காயமாக நிற்கிறது. பக்கத்திலேயே கிருமி காத்திருக்கிறது. கிருமி உள்ளே இறங்கினால் மூக்கின் நுனியில் சிவந்து வலிக்கும் கொப்புளம் தோன்றுகிறது. அதை நசுக்கினால் சீழ் வெளியே வருவதுபோல உள்ளேயும் தள்ளப்படலாம்.

மூக்கின் மேற்பகுதியை ஒரு முனையாகவும், வாயின் இரு ஓரங்களை மற்ற இரு முனைகளாகவும் கொண்டு ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். இப்பகுதியின் இரத்தத்தைச் சுமக்கும் சிரைகள் கண்குழியின் சிரைகளோடு இணைந்து, மூளையின் அடிப்பகுதியிலுள்ள குகைச் சிரைக்குழி வரை தொடர்பு கொண்டுள்ளன. இச்சிரைகளில் வால்வுகளே இல்லை என்று பாடநூல்கள் நெடுநாள் கூறிவந்தன. வால்வுகள் உண்டு என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் பாதை திறந்தே இருக்கிறது; அபூர்வமாகச் சீழ்க்கிருமி அவ்வழியே சென்று குகைச் சிரைக்குழியில் இரத்தத்தை உறையச் செய்கிறது. அப்போது கண் வீங்கிப் பிதுங்குகிறது, பார்வை பாதிக்கப்படுகிறது, உயிருக்கே இறுதி நேர்கிறது. பாவமிசிரர் கண்ணைக் குறிப்பிட்டது இங்கே நினைவுக்கு வரும். அவர் இச்சிரைகளை அறிந்திருந்தார் என்று கொள்ள இடமில்லை. முன்னோர் கூற்றில் பயனுள்ளதை ஏற்பதும், இல்லாததை ஏற்றிச் சொல்லாதிருப்பதும் இரண்டும் அறிவியலே.

பெனிசிலினுக்கு முந்திய காலத்தில் இந்த முக்கோணத்துச் சிறு கொப்புளம் எத்தகைய கேடு செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். உருசிய நாட்டுப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் 1915 ஏப்ரலில் மாஸ்கோவில் இறந்தார். வயது 43. காரணம், மேலுதட்டில் தோன்றிய ஒரு புண். அதிலிருந்து இரத்தம் நஞ்சாகிவிட்டது. 1937இல் அர்பன் மேஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், முகத்தின் ஆபத்தான பகுதிகளில் வரும் சீழ் நோயைக் குறித்துத் தனிக் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு, நோயைக் குணப்படுத்தும் நோக்கில் முதன்முதலாகப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. அவர் முகத்தில் தொடங்கிய சீழ் ஒரு கண்ணையே எடுக்கும் அளவுக்குப் பரவியிருந்தது. மருந்து தொடங்கியதும் தேறினார். ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச்சு 15ஆம் நாள் அவர் இறந்தார். மருந்து ஆலைகளில் பெருகிய பிறகே முகத்துக் கொப்புளத்தின் மீதிருந்த அச்சம் தணிந்தது. இன்று ஸ்டபிலோகாக்கசின் பல வகைகள் பெனிசிலினுக்கு அடங்குவதில்லை. ஆகவே அச்சம் தணியலாம், அலட்சியம் கூடாது.

வேரோடு ஒழிக்கும் முயற்சிகள்

பிடுங்கினாலும் முடி மீண்டும் முளைக்கிறது. ஆகவே நிரந்தரமாக நீக்கும் வழியைத் தேடினார்கள். 1875இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷேல், உள்நோக்கி வளர்ந்த இமை மயிரின் வேரில் ஊசி செலுத்தி மின்சாரம் பாய்ச்சி அதை அழித்தார். வாக்பட்டரின் ஆறு விரற்கடை இடுக்கி செய்த அதே வேலையை மின்சாரம் செய்தது.

1896இல் வியன்னாவில் லியோபோல்டு பிராயிண்டு, ஒரு சிறுமியின் முதுகிலிருந்த உரோம மறுவுக்கு எக்ஸ் கதிர் செலுத்தினார். உரோமம் உதிர்ந்தது, ஆறாத புண்ணும் வந்தது. அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்து, 1920களில் அமெரிக்காவில் முகத்து உரோமத்தை எக்ஸ் கதிரால் நீக்கும் நிலையங்கள் பெருகின. வலியில்லை, தழும்பில்லை என்று விளம்பரம் செய்தார்கள். ஆண்டுகள் கழித்துப் பல பெண்கள் தோல் புற்றுநோய்க்கு ஆளானார்கள். வலியில்லாத முறை கெடுதி இல்லாத முறை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டியதில்லை. பிற்காலத்தில் வந்த லேசர் முறை எக்ஸ் கதிர் போன்றதன்று. எனினும் மூக்கின் உட்புறச் சவ்வு மென்மையானது ஆகையால், அங்கே அதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

காவலர் வேண்டுமா, வேண்டாமா?

நிரந்தரமாக நீக்குவது விரும்பத்தக்கதா என்பதே அடிப்படைக் கேள்வி. அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்தோர் உடல்களில் மூக்கு முடிகளை எண்ணிப் பார்த்தார்கள். இடத் துளையில் சராசரி 120, வலத் துளையில் 122. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான 'இக் நோபல்' பரிசு 2023இல் இதற்குக் கிடைத்தது. முடி உதிரும் நோயால் மூக்கு முடியையும் இழந்தவர்களின் துன்பத்தை அறிவதற்காகச் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2011இல் துருக்கி நாட்டு மருத்துவர்கள், பருவகால ஒவ்வாமைச் சளியுள்ள 233 பேரை ஆராய்ந்தனர். மூக்கு முடி மிகக் குறைவாக இருந்தோரில் 44.7 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா இருந்தது. நடுத்தரமாக இருந்தோரில் 26.2, அடர்த்தியாக இருந்தோரில் 16.7 விழுக்காடு மட்டுமே. முடி வடிகட்டியாகப் பயன்படுகிறது என்ற கருத்துக்கு இது துணை செய்கிறது. ஆனால் இது ஒரே ஒரு ஆய்வு. முடி வெட்டியதால் ஆஸ்துமா வந்தது என்று இது காட்டவில்லை. 2015இல் அமெரிக்காவில் 30 பேருக்கு மூக்கு முடியை வெட்டிப் பார்த்தபோது, மூச்சு முன்னைவிட எளிதாகச் சென்றது.

மேலும், மூக்கு முடி பெரிய தூசியைத்தான் தடுக்கும். அதைத் தாண்டும் துகள்களில் ஏறத்தாழ 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை உள்ளே சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பெருஞ்சாலையில் கிளாம்பாக்கத்திலிருந்து செங்கற்பட்டு வரை ஓடும் வண்டிகளின் புகையில் உள்ள 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் இரண்டையும் ஏமாற்றி நுரையீரலை அடையக்கூடியவை. அதற்கு மூக்கு முடியை நம்பிப் பயனில்லை. எனவே, காவலரை முழுவதும் நீக்கவும் வேண்டாம். அவரால் முடியாததை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

எந்த முறை?

வரலாற்றின் துணைகொண்டு இப்போது தேர்வு செய்வோம்.

விரலாலோ, முள்வாங்கியாலோ, மெழுகாலோ பிடுங்குதல் வேண்டாம். மெழுகு ஒரே இழுப்பில் பல குழிகளைத் திறக்கிறது, அவ்வளவே வேறுபாடு. கைகால் உரோமத்தை நீக்கும் இரசாயனக் களிம்பு உட்சவ்வைப் புண்ணாக்கும். அதன் நெடியும் நேராக உள்ளே போகும். ஆகவே அதுவும் ஆகாது.

நுனி மழுங்கிய சிறு கத்தரி ஏற்றது. மின்கலத்தில் ஓடும் சுழல் வெட்டியும் ஏற்றது. அதில் வெட்டும் அலகு உறைக்குள் இருப்பதால் தோலைத் தொடாது. மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, துளைக்கு வெளியே தெரியும் முடியை மட்டும் குறைத்தால் போதும். உள்ளே ஆழமாகச் செல்ல வேண்டியதில்லை.

கருவி அவரவருக்குத் தனியாக இருக்க வேண்டும். சென்னையில் 1986இல் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அதன்பின் எழுந்த விழிப்புணர்வால் சலூன்களில் ஆளுக்கொரு புதிய பிளேடு என்ற வழக்கம் பரவியது. கத்திக்குக் கேட்கும் நாம் மூக்குக் கத்தரிக்குக் கேட்பதில்லை. அதையும் சாராயத்தால் துடைத்துத் தருமாறு கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

மூக்கில் கொப்புளம் வந்துவிட்டால் நசுக்கலாகாது. வீக்கம் பரவினால், காய்ச்சலோ கடுந்தலைவலியோ வந்தால், கண் வீங்கினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் முதல் நாளே போவது நல்லது.

திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் மருத்துவரும் நாவிதரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். அந்தக் கூரை இன்று இல்லை. ஆனால் மருத்துவர் அறிந்ததை முடிதிருத்துபவரும், அவர் நாற்காலியில் அமர்பவரும் அறிந்துகொள்ளத் தடை ஏதும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை "பிடுங்கி விடவா, வெட்டி விடவா?" என்று கேட்டால், "வெட்டி விடுங்க அண்ணே, கத்தரியைத் துடைச்சிட்டு" என்று விடை சொல்லுங்கள்.